எந்த மாநிலத்துக்காரர்? நைஜீரியாவில் எட்டு நாள்

நாள் 1, சனிக்கிழமை, லாகோஸ்

இரவு இரண்டு மணிக்கு வந்து இறங்கினேன். என் கல்லூரி நண்பன் பதினோரு வருடமாக இங்கே ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை பார்க்கிறான். "காலையில லடிப்போ போகணும், வண்டிக்கு ஷாக் அப்சார்பர் வாங்கணும். நீயும் வா, ஊரைப் பார்த்த மாதிரி இருக்கும்" என்றான். தூக்கம் கண்ணைச் சுழற்றினாலும் கிளம்பிவிட்டேன்.

லடிப்போ, முஷின் பகுதியில் இருக்கும் உதிரி பாகச் சந்தை. ஒரு கடை முழுக்க ஹெட்லைட், அடுத்த கடை முழுக்கக் கதவு, அதற்கடுத்து கியர் பாக்ஸ். மழை பெய்து விட்டிருந்ததால் தரையெல்லாம் ஆயில் கலந்த கறுப்புச் சேறு. கடை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் தென்கிழக்கிலிருந்து வந்த இக்போக்கள். ஒவ்வொரு கடையிலும் இரண்டு மூன்று பையன்கள் நிற்கிறார்கள். ஐந்தாறு வருடம் சம்பளமில்லாமல் முதலாளியோடு இருந்து தொழில் கற்பார்கள். காலம் முடிந்ததும் முதலாளி பணம் கொடுத்துத் தனிக்கடை வைத்துக்கொடுக்க வேண்டும். இக்போ வியாபாரம் நாடெங்கும் இப்படித்தான் பரவியிருக்கிறது. முதலாளியை எல்லோரும் கூப்பிடுவது "ஓகா" என்று.

நண்பன் வழக்கமாக வாங்கும் கடையின் ஓகாவுக்கு ஐம்பது வயதிருக்கும். பிறந்தது லாகோஸின் சுருலேரே, படித்ததும் அங்கேயே. வாடிக்கையாளர்களிடம் இந்தப் பகுதி மக்களின் மொழியான யோருபாவில் சரளமாகப் பேசுகிறார். சொந்த ஊர் எது என்று நான் சும்மா கேட்டேன். "நெவி" என்றார். அனம்ப்ரா மாநிலத்தில் இருக்கும் ஊர். வருடத்தில் எத்தனை நாள் அங்கே இருப்பீர்கள் என்றேன். கிறிஸ்துமஸுக்குப் போனால் பத்து நாளாம். "ஆனா எந்த ஃபாரத்தை எடுத்தாலும் 'எந்த மாநிலத்துக்காரர்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் நான் லாகோஸ் என்று எழுத முடியாது. என் மகனும் இங்கேதான் பிறந்தான், அவனும் எழுத முடியாது."

அவர் அப்பாவும் லாகோஸில்தான் கடை வைத்திருந்தார். 1966இல் வடக்கில் இக்போக்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றபோது, பயந்து ஊருக்கு ஓடியவர்களில் அவரும் ஒருவர். 1967 மே 30 அன்று ஒஜுக்வு பியாஃப்ரா என்று தனி நாடு அறிவித்தார். ஜூலையில் தொடங்கிய போர் 1970 ஜனவரியில்தான் முடிந்தது. குண்டில் செத்தவர்களைவிடப் பட்டினியில் செத்தவர்கள் அதிகம். "வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை" என்று அன்றைய ராணுவத் தலைவர் கோவொன் அறிவித்தார். ஆனால் போர்க்காலத்தில் புழங்கிய வங்கிக் கணக்கில் எவ்வளவு பணம் இருந்தாலும் ஆளுக்கு 20 பவுண்டுதான் திருப்பித் தந்தார்கள். அந்த இருபதோடுதான் அப்பா மறுபடி லாகோஸுக்கு பஸ் ஏறினார் என்று ஓகா சொன்னபோது, ஷாக் அப்சார்பரைத் துடைத்துக்கொண்டிருந்த பையனும் கையை நிறுத்திவிட்டுக் கேட்டான். அவனுக்கும் இது புதுக்கதை போலிருக்கிறது.

2023 பிப்ரவரி அதிபர் தேர்தலில் லாகோஸ் மாநிலத்தில் பீட்டர் ஒபி என்ற இக்போ வேட்பாளர், லாகோஸின் பெரிய தலைவரான டினுபுவைவிடப் பத்தாயிரத்துக்கும் கொஞ்சம் குறைவான ஓட்டுகள் அதிகம் வாங்கினார். மூன்று வாரம் கழித்து ஆளுநர் தேர்தல். இக்போ முகமாகத் தெரிந்தவர்களைப் பல வாக்குச்சாவடிகளில் மிரட்டித் திருப்பி அனுப்பினார்கள். "லாகோஸ் யோருபா மண், வந்த இடத்தில் அடங்கி இரு" என்பதுதான் பேச்சாக இருந்தது. ஓகா அன்று வீட்டை விட்டே வெளியே வரவில்லை. பில் போட்டுக்கொண்டே இதைச் சொன்னார், குரல் உயரவே இல்லை. எனக்குத்தான் தொண்டையை அடைத்தது.

நாள் 2, ஞாயிறு, லாகோஸ்

காலை ஏழு மணிக்கே தெருவில் கூட்டம். வெள்ளை உடுப்பில் ஒரு பட்டாளம் சர்ச்சுக்குப் போகிறது. இன்னொரு பட்டாளமும் வெள்ளையில், ஹிஜாபோடும் தொப்பியோடும் எதிர்ப்பக்கம் போகிறது. ஞாயிற்றுக்கிழமை முஸ்லிம்கள் எங்கே போகிறார்கள் என்று புரியாமல் நின்றேன். பக்கத்து வீட்டு அல்ஹாஜா விளக்கினார். ஹஜ் போய்வந்த பெண்மணி என்பதால் தெருவே அவரை அல்ஹாஜா என்றுதான் கூப்பிடுகிறது. 1995இல் லாகோஸில் படித்த முஸ்லிம்கள் சிலர் சேர்ந்து நாஸ்ஃபட் என்றொரு அமைப்பைத் தொடங்கினார்கள். ஞாயிறு எல்லோருக்கும் லீவு, பிள்ளைகளின் நண்பர்களெல்லாம் சர்ச்சுக்குப் போகிறார்கள், நம் பிள்ளைகள் சும்மா வீட்டில் இருப்பானேன் என்று ஞாயிறு காலையில் கூட்டுப் பிரார்த்தனை வைத்தார்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகை அது பாட்டுக்குத் தனியாக நடக்கிறது.

அல்ஹாஜாவின் தங்கை பெந்தெகொஸ்தே. அல்ஹாஜாவின் மகன் கல்யாணம் செய்துகொண்டது ஆங்கிலிகன் வீட்டுப் பெண்ணை. பக்ரீத் ஆட்டுக்கறி தங்கை வீட்டுக்குப் போகும், கிறிஸ்துமஸ் சோறு இங்கே வரும். "எங்கள் தாத்தா இஃபா பார்த்துக் குறி சொல்பவர். அவர் பிள்ளைகளில் இரண்டு பேர் மசூதிக்குப் போனார்கள், மூன்று பேர் மிஷன் பள்ளிக்குப் போனார்கள். அதனால் சண்டை போட முடியுமா?" என்றார். யோருபா வீடுகளில் இது ஊர் வழக்கம். நாட்டின் அதிபர் டினுபு முஸ்லிம், அவர் மனைவி ரெமி ஒரு பெந்தெகொஸ்தே சபையில் பாஸ்டர்.

ஆனால் அதே டினுபு 2023 தேர்தலுக்குத் துணை அதிபர் வேட்பாளராக வடகிழக்கின் முஸ்லிமான ஷெட்டிமாவை நிறுத்தியபோது நாடே அல்லோலகல்லோலப்பட்டது. அதிபர் முஸ்லிம் என்றால் துணை அதிபர் கிறிஸ்தவர், ஒருவர் வடக்கு என்றால் இன்னொருவர் தெற்கு. சட்டத்தில் இல்லாவிட்டாலும் இது எழுதாத ஒப்பந்தம். 1993இல் அபியோலாவும் கிங்கிபேயும் இரண்டு முஸ்லிம்களாக நின்றபோது கிறிஸ்தவர்களும் அள்ளி ஓட்டுப் போட்டார்கள். ஜூன் 12 அன்று நடந்த அந்தத் தேர்தலை ராணுவ ஆட்சியாளர் பாபாங்கிடா ரத்து செய்தார். அபியோலா 1998இல் காவலில் இருந்தபடியே இறந்துபோனார். "அன்றைக்கு மதத்தை யாரும் கேட்கவில்லை" என்று அல்ஹாஜா இரண்டு முறை சொன்னார்.

மதியம் அவர் வீட்டில் மொய் மொய் கொடுத்தார். தட்டைப்பயறை ஊறவைத்து அரைத்து, சிவப்பு மிளகாயும் வெங்காயமும் சேர்த்து, இலையில் கட்டி ஆவியில் வேகவைப்பது. இலையைப் பிரித்ததும் வந்த வாசனையில் நாலு தின்றுவிட்டேன்.

நாள் 3, திங்கள், ரயிலில் இபாதானுக்கு

லாகோஸிலிருந்து இபாதானுக்கு 157 கிலோமீட்டர், 2021 முதல் புதுப் பாதையில் ரயில் ஓடுகிறது. ஏசி பெட்டி, சுத்தம். எதிர் சீட்டில் காக்கி பேன்ட்டும் வெள்ளை பனியனும் ஆரஞ்சு நிற பூட்ஸும் போட்ட பெண். 'கார்ப்பர்' என்கிறார்கள். போர் முடிந்தபின் 1973இல் கோவொன் கொண்டுவந்த திட்டம் இது. முப்பது வயதுக்குள் பட்டம் வாங்கிய ஒவ்வொருவரும் தன் மாநிலத்தில் இல்லாமல் வேறொரு மாநிலத்தில் ஒரு வருடம் சேவை செய்ய வேண்டும். ஒருவரையொருவர் தெரிந்துகொண்டால் மறுபடி போர் வராது என்ற நம்பிக்கை.

இந்தப் பெண் பெனுவே மாநிலத்தின் திவ் இனம். இபாதானில் ஒரு பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறாள். பிள்ளைகள் அவள் மேல் உயிராக இருக்கிறார்களாம், ஹெட்மாஸ்டரும் போகாதே என்கிறாராம். வருடம் முடிந்ததும் அங்கேயே வேலையில் சேரலாமே என்றேன். சிரித்தாள். "மாநில அரசு வேலைக்கு அந்த மாநிலத்து இண்டிஜீன்தான் வேணும் அங்கிள். நான் வேணுமானால் கான்ட்ராக்டில் இருக்கலாம்." இண்டிஜீன் என்றால் மண்ணின் மைந்தர். மற்ற எல்லோரும் செட்லர், நம் வார்த்தையில் சொன்னால் வந்தேறி. இந்த நாட்டில் இந்த இரண்டு சொல்லும் தெரியாமல் ஒரு நாளும் தள்ள முடியாது என்று மூன்றாம் நாளே எனக்கு விளங்கிவிட்டது.

ஜன்னலுக்கு வெளியே பனையும் மரவள்ளியும் ஓடிக்கொண்டிருந்தன. வடக்கையும் தெற்கையும் 1914இல் லார்ட் லுகார்ட் ஒன்றாகக் கட்டினார். வடக்கில் 1804இல் உஸ்மான் டான் ஃபோடியோ நடத்திய ஜிஹாதில் பிறந்த சொகோட்டோ கலிஃபா ராஜ்யம் இருந்தது. பிரிட்டிஷ்காரர்கள் 1903இல் அதைப் பிடித்தார்கள், ஆனால் அமீர்கள் என்ற உள்ளூர் முஸ்லிம் அரசர்களை அப்படியே உட்காரவைத்து அவர்கள் மூலமாகவே ஆண்டார்கள். அமீர்கள் பகுதிக்குள் மிஷனரிகளைப் பெரும்பாலும் விடவில்லை. தெற்கிலோ மிஷன் பள்ளிகள் பெருகின. சுதந்திரம் வந்த 1960இல் தெற்கில் குமாஸ்தாவும் டாக்டரும் வக்கீலும் நிறைய, வடக்கில் ஜனத்தொகையும் ஓட்டும் நிறைய. படித்தவன் வேலையைப் பிடுங்கிக்கொள்வான் என்று வடக்குக்காரருக்குப் பயம், எண்ணிக்கையை வைத்து அமுக்கிவிடுவான் என்று தெற்குக்காரருக்குப் பயம். அந்தப் பயம்தான் இன்றைக்கும் ஃபாரத்தில் ஒரு கட்டமாக உட்கார்ந்திருக்கிறது.

இபாதானில் துருப்பிடித்த தகரக் கூரைகள் குன்றுக்குக் குன்று பரந்து கிடக்கின்றன. அமாலா சாப்பிட்டேன், வள்ளிக்கிழங்கு மாவுக் களி.

நாள் 4, செவ்வாய், ஒஷோக்போ

ஷேர் டாக்ஸியில் ஒஷோக்போ வந்தேன். ஒஷுன் நதித் தெய்வத்தின் காடு இங்கே இருக்கிறது, ஊரை ஒட்டியே சுமார் 75 ஹெக்டேர். 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. உள்ளே நுழைந்ததும் வெக்கை குறைந்தது. மரத்துக்கு மரம் குரங்குகள். சிற்பங்கள் சிமெண்டிலும் மண்ணிலும் செய்தவை, நீண்ட கைகள், அகன்ற கண்கள், சில மரங்களைவிட உயரம். 1950இல் நைஜீரியா வந்த ஆஸ்திரியப் பெண் சுசன்னே வெங்கர், உள்ளூர்க் கலைஞர்களோடு சேர்ந்து பல வருடம் உழைத்து இவற்றை உருவாக்கினார். காட்டை வெட்டி நிலமாக்க வந்தவர்களை எதிர்த்து நின்றார். தெய்வத்துக்குப் பூசாரியாகவும் ஆகி, 2009இல் இதே ஊரில் இறந்தார்.

ஆற்றங்கரையில் ஒரு வயதான பெண் முட்டிக்கால் போட்டு, பிளாஸ்டிக் குடத்தில் கலங்கல் தண்ணீரை மொண்டுகொண்டிருந்தார். மகளுக்குப் பிள்ளை இல்லையாம். என்னைக் கூட்டிவந்த வழிகாட்டி தானும் கொஞ்சம் தண்ணீரை நெற்றியில் வைத்துக்கொண்டார். அவர் முஸ்லிம். லுஹர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று பாதியில் போய்விட்டு வந்தார். இந்த ஊர் அரசருக்கு அதாவோஜா என்று பட்டம். இப்போதைய அரசரின் பெயர் ஜிமோ, ஜும்ஆ என்பதன் யோருபா உருவம். ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஒஷுன் திருவிழாவை நடத்துவது அரச வம்சத்தின் கடமை, அவர் நடத்துகிறார்.

எல்லாம் சரி, இங்கே மதச் சண்டையே இல்லையா என்று கேட்டேன். வழிகாட்டி கொஞ்சம் யோசித்துவிட்டு இவோ ஊரைச் சொன்னார். இதே ஒஷுன் மாநிலம்தான். 2016இல் பள்ளிகளில் முஸ்லிம் மாணவிகள் ஹிஜாப் அணியலாம் என்று நீதிமன்றம் சொன்னது. இவோவில் ஒரு காலத்தில் பாப்டிஸ்ட் மிஷன் நடத்திய பள்ளி, பிறகு அரசு எடுத்துக்கொண்டது. அப்படியானால் நாங்களும் என்று கிறிஸ்தவப் பிள்ளைகள் சர்ச் பாடகர் அங்கியோடு வகுப்புக்கு வந்தார்கள். ஒரே வீட்டில் இரண்டு மதமும் சேர்ந்து சாப்பிடும் ஊர் அது. பள்ளிக்கூடம் யாருக்குச் சொந்தம் என்று கேள்வி வந்ததும் துணி பெரிய விஷயமாகிவிட்டது.

எனக்கு இதுதான் இந்தப் பயணத்தின் சாவி என்று தோன்றியது. சாமி ஒரு வீட்டுக்குள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம், யாருக்கும் நஷ்டமில்லை. நாற்காலி, நிலம், பள்ளிக்கூடம், சர்டிபிகேட் என்று அளவாக இருக்கும் ஒன்று அந்தச் சாமியோடு கட்டப்பட்டால்தான் ரத்தம் வருகிறது. வடக்கே போய்ப் பார்த்தால்தான் இது சரியா என்று தெரியும்.

நாள் 5, புதன், அபுஜா

அபுஜா யாருக்கும் சொந்தமில்லாத தலைநகராக இருக்க வேண்டும் என்று 1976இல் நடுநாட்டில் இடம் பார்த்தார்கள். 1991 டிசம்பரில் தலைநகர் லாகோஸிலிருந்து இங்கே வந்தது. தேசிய மசூதியின் பொன் கும்மட்டமும், அதற்கு எதிரே கிறிஸ்தவர்களின் தேசிய ஆலயமும் தராசில் வைத்ததுபோல இருக்கின்றன.

ஆனால் அந்த நிலம் காலியாக இருக்கவில்லை. க்பாக்யி மக்கள் இருந்தார்கள். நகரத்துக்கு வெளியே போகும் சாலையோரம் அவர்களைப் பார்த்தேன். மேற்கு ஆப்பிரிக்கா முழுக்கப் பெண்கள் தலையில் சுமப்பார்கள், க்பாக்யிப் பெண்கள் மட்டும் தோளில் சுமக்கிறார்கள். விறகுக் கட்டைத் தோளும் பிடரியும் சேரும் இடத்தில் வைத்து, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, ஒரு கையால் லேசாகப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் விறுவிறுவென்று நடந்தார். தலை உடம்புக்கு அரசன், அதன்மேல் சுமை ஏற்றக் கூடாது என்பது அவர்கள் முறை. எல்லோருக்கும் பொதுவான ஊர் கட்டப்பட்டதில், தம் ஊரில் தமக்கென்று ஒரு மாநிலமோ ஆளுநரோ இல்லாமல் போனவர்கள் அவர்கள்.

மாலையில் நண்பனுக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரைச் சந்தித்தேன். 'ஃபெடரல் கேரக்டர்' என்ற ஏற்பாட்டை அவர்தான் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். 1979 அரசியல் சட்டத்தில் வந்தது. மத்திய அரசில் எந்த ஒரு இனமோ பகுதியோ ஆதிக்கம் செலுத்தக் கூடாது, வேலைகள் மாநிலங்களுக்குப் பகிர்ந்து போக வேண்டும். இப்போதைய 1999 சட்டப்படி 36 மாநிலங்களிலிருந்தும் தலா ஒருவராவது மந்திரியாக வேண்டும், அவர் அந்த மாநிலத்து இண்டிஜீனாக இருக்க வேண்டும். அதிபராக வருபவர் அதிக ஓட்டு வாங்கினால் மட்டும் போதாது, மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்களில் 25 சதவீதமாவது வாங்க வேண்டும். ஒரே பகுதியின் ஓட்டை வைத்து யாரும் நாட்டைப் பிடித்துவிட முடியாது. போர் பார்த்த நாடு யோசித்துப் போட்ட பூட்டு இது, எனக்கு மரியாதைதான் வந்தது.

வலியும் அதே இடத்தில்தான் இருக்கிறது. மத்திய அரசுப் பள்ளிகளின் 2013 நுழைவுத் தேர்வில் அனம்ப்ரா பையனுக்கு 139 மதிப்பெண் வேண்டும், யோபே பையனுக்கு 2 போதும் என்று பட்டியல் வந்தது. பின்தங்கிய பகுதிக்குக் கை கொடுக்கத்தான் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த லடிப்போ கடைக்காரரின் மகன் லாகோஸில் படித்தாலும் அனம்ப்ரா கணக்கில்தான் வருவான். எங்கே வாழ்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை, தாத்தா எங்கே புதைந்திருக்கிறார் என்றுதான் கேட்கிறார்கள். அதிகாரி இன்னொன்றும் சொன்னார். 2011இல் அபியா மாநிலம், பிற மாநிலத்துக்காரர்கள் என்று சொல்லி ஆயிரக்கணக்கான ஊழியர்களை வெளியேற்றியது. வெளியேறியவர்களில் பெரும்பாலோர் இக்போ, கிறிஸ்தவர். வெளியேற்றியவர்களும் இக்போ, கிறிஸ்தவர். 1967இல் 12ஆக இருந்த மாநிலங்கள் 36 ஆனதில், ஒவ்வொரு கோடு போட்டபோதும் பக்கத்து ஊர்க்காரர் புதிதாக வந்தேறி ஆகியிருக்கிறார்.

நாள் 6, வியாழன், ஜோஸுக்குச் சாலையில்

ஜோஸ், நடுநாட்டில் பீடபூமி மேல் இருக்கும் நகரம். டொயோட்டா சியன்னாவில் ஏழு பேர். கிளம்புவதற்கு முன் முன்சீட்டு அம்மா சத்தமாக ஜெபம் செய்தார், இயேசுவின் ரத்தம் இந்த வண்டியை மூடட்டும் என்று. பக்கத்தில் இருந்த தொப்பிக்காரர் உள்ளங்கைகளை விரித்து உதட்டுக்குள் ஏதோ ஓதினார். முடிந்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "ஆமீன்" என்றார்கள். இந்தச் சாலைகளில் ஆள் கடத்தல் பயம் உண்டு, எல்லோரும் உண்மையாகவே வேண்டிக்கொண்டார்கள். நானும்தான்.

கெஃபி, அக்வாங்கா தாண்டி ஹவான் கிபோ மலை ஏற்றம். மேலே ஏறியதும் காற்று குளிர்ந்துவிட்டது. உருளைக்கிழங்கு வயல்களுக்குக் கள்ளிச்செடி வேலி, வயலுக்கு நடுவே உருண்டு கிடக்கும் பெரிய பாறைகள்.

நாள் 7, வெள்ளி, ஜோஸ்

எட்டு நாளில் இந்த ஒரு நாளுக்காகத்தான் வந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

காலையில் கேக்கே ஏறினேன். கேக்கே என்பது நம் ஆட்டோ, பஜாஜும் டிவிஎஸ்ஸும் இங்கே தெருவெல்லாம் ஓடுகின்றன. டெர்மினஸ் பக்கம் வந்ததும் டிரைவர் நிறுத்தி, "இதற்கு மேல் வேறு வண்டி எடுங்கள்" என்றார். அந்தப் பக்கம் முஸ்லிம் பகுதி, அவர் கிறிஸ்தவர். இப்போது சண்டை ஒன்றும் இல்லை. ஆனாலும் கலவர வருடங்களில் வந்த பழக்கம் இன்னும் அவரை விடவில்லை.

முதலில் ஊருக்கு வெளியே, இந்தப் பீடபூமியின் பூர்வகுடிகளில் ஒன்றான பெரோம் இனத்துப் பெண்மணி ஒருவர் வீட்டுக்குப் போனேன். ஓய்வுபெற்ற ஆசிரியை, எழுபதைத் தாண்டியவர். நான் இந்தியன் என்றதும், பள்ளியில் தன்னோடு கணக்கு எடுத்தவர் ஓர் இந்தியர் என்றார். 1970களில் எண்ணெய்ப் பணம் வந்து புதுப் பள்ளிகள் பெருகியபோது நம் ஊர் ஆசிரியர்கள் நிறையப் பேர் இந்த நாட்டுக்கு வந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் அழைத்துப் போனார். ஒரு பெரிய பள்ளம், பச்சைத் தண்ணீர், ஓரத்தில் செம்மண் சரிவு. பிரிட்டிஷ் காலத்தில் வெள்ளீயச் சுரங்கம் தோண்டி, தாதுவை எடுத்துக்கொண்டு, குழியை மூடாமல் போய்விட்டார்கள். பீடபூமி முழுக்க இப்படிக் குளங்கள். "இது என் தாத்தாவின் அச்சா வயல்" என்றார். அச்சா இங்கே விளையும் சிறுதானியம், சாமையைவிடப் பொடி. "சுரங்கத்துக்கு வேலையாட்கள் வடக்கிலிருந்து வந்தார்கள். நிலம் போனது எங்களுக்கு, ஊர் வளர்ந்தது அவர்களுக்கு. நாங்கள் சின்னக் கூட்டம். வடக்கின் பெரிய அமீர் ராஜ்யங்கள் எங்களை எப்போதும் விழுங்கப் பார்த்தன. இந்த ஒரு காகிதமும் எல்லோருக்கும் என்றால் எங்களுக்கு என்று என்ன மிஞ்சும்?"

காகிதம் என்று அவர் சொல்வது இண்டிஜீன் சர்டிபிகேட்டை. உள்ளாட்சி அலுவலகம் கொடுப்பது. மத்திய அரசு வேலைக்கு, ராணுவத்துக்கு, பல்கலைக்கழக இடத்துக்கு, ஸ்காலர்ஷிப்புக்கு அது வேண்டும். இண்டிஜீன் யார் என்று அரசியல் சட்டம் எங்கும் விளக்கவில்லை. அந்தந்த அலுவலகம் சொல்வதுதான் கணக்கு.

1991இல் ராணுவ அரசு ஜோஸ் நார்த் என்று தனி உள்ளாட்சியைப் பிரித்தது. வடக்கின் பெரிய முஸ்லிம் இனமான ஹௌசாக்கள் நிறைந்த நகர்ப்பகுதி அதில் வந்தது. சுரங்கக் காலத்திலிருந்து ஊரைக் கட்டியது நாங்கள்தான் என்று ஹௌசாக்களும், மண் எங்களுடையது என்று பெரோம், அஃபிசெரே, அனகுடா மக்களும் நின்றார்கள். அந்த அலுவலகத்தின் தலைவர் பதவிக்காக 1994இல் கலவரம். 2001 செப்டம்பரில், ஒரு முஸ்லிமை ஒரு மத்திய அரசுத் திட்டப் பொறுப்பில் நியமித்ததில் புகைந்தது, ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் வெடித்து ஒரு வாரத்தில் சுமார் ஆயிரம் பேர் போனார்கள். 2008 நவம்பரில் உள்ளாட்சித் தேர்தல் முடிவு, 700க்கும் மேற்பட்ட உயிர்கள். 2010இல் மறுபடி. எரிந்தவற்றில் மசூதிகளும் சர்ச்சுகளும் இருந்தன, அதனால் வெளி உலகம் மதச் சண்டை என்று எழுதியது. வரிசையாக வைத்துப் பார்த்தால் முதல் மூன்றின் தொடக்கத்திலும் ஓர் ஆபீஸ் நாற்காலி இருக்கிறது.

இரண்டு தரப்புக்கும் பொது மொழியும் ஹௌசாதான். அந்த ஆசிரியை வீட்டில் இருந்த பைபிள் ஹௌசா மொழியில். கடவுள் என்ற இடத்தில் 'அல்லாஹ்' என்றே அச்சாகியிருந்தது. நானே விரல் வைத்துப் பார்த்தேன்.

மதியத்துக்குப் பின் பௌச்சி சாலைப் பக்கம் ஒரு ஹௌசா தையல்காரரைப் பார்க்கப் போனேன். சியன்னாவில் வந்த தொப்பிக்காரரின் மைத்துனர். கடைப் பெஞ்சில் உட்காரவைத்து டீ வாங்கித் தந்தார். இவர் தாத்தா பௌச்சி பக்கத்திலிருந்து சுரங்கத்தில் மண்வெட்டி பிடிக்க வந்தவர். அப்பா, இவர், இவர் பிள்ளைகள் எல்லோரும் ஜோஸில் பிறந்தவர்கள். மகள் நர்சிங் சேர மதிப்பெண் வாங்கிவிட்டாள், சர்டிபிகேட் இல்லை. ஒரு பழைய பிளாஸ்டிக் ஃபைலைத் திறந்து ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். மகளின் ஜோஸ் பிறப்புச் சான்று. பள்ளிச் சான்றுகள், எல்லாம் ஜோஸ். அப்பாவின் வீட்டு வரி ரசீதுகள். கடைசியாக, மடிப்பில் கிழிந்து பின்னால் டேப் ஒட்டிய ஒரு துண்டுச்சீட்டு, தாத்தாவின் சுரங்கக் கூலிச் சீட்டு. மை பழுப்பாகிவிட்டது, தொகை தெரியவில்லை, பெயர் மட்டும் தெரிந்தது.

"நாங்கள் ஜோஸ்காரர் இல்லை என்றால் எந்த ஊர்க்காரர்?" என்று என்னையே கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. காலையில் பார்த்த பச்சைத் தண்ணீர் நினைவுக்கு வந்தது. அந்த அம்மா இழந்த நிலமும் நிஜம், இந்தச் சீட்டும் நிஜம். இரண்டு பேரையும் இந்த நிலைக்குக் கொண்டுவந்தது ஒரே சுரங்கம். அதை நடத்தியவர்கள் இதில் எந்த ஃபாரத்திலும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கவில்லை. எத்தனை வருடம் ஓர் ஊரில் வாழ்ந்தால் அது சொந்த ஊர் என்று பாராளுமன்றம் ஒரு சட்டம் எழுதினால் போதும், இந்தப் பெண் நர்ஸ் ஆகலாம். கூடவே அந்த மலை மக்களின் நிலத்துக்கும் அரச பதவிக்கும் தனிப் பாதுகாப்பு எழுத வேண்டும். ஒன்றை விட்டு ஒன்றை எழுதினால் மறுபடி எரியும். வெளியாள் சொல்வது சுலபம் என்று தெரியும், ஆனாலும் எழுதுகிறேன்.

மகள் உள்ளேயிருந்து வந்து, அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மெஷினில் உட்கார்ந்தாள். சர்டிபிகேட் வரும்வரை அப்பாவுக்கு உதவியாம். திங்கட்கிழமை தாத்தாவின் ஊருக்குப் போய்க் கேட்டுப் பார்க்கப் போகிறார்கள்.

நாள் 8, சனி, லாகோஸ் விமான நிலையம்

காலை விமானத்தில் லாகோஸ் வந்து, இரவு விமானத்துக்குக் காத்திருக்கிறேன். நண்பன் வழியனுப்ப வந்தான், அல்ஹாஜா மொய் மொய் கட்டிக் கொடுத்திருந்தார்.

பிற்சேர்க்கை, புதன்: தையல்காரர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருக்கிறார். தாத்தாவின் ஊரில் ஒரு தூரத்து உறவினர் சாட்சி சொல்லி, சர்டிபிகேட் கிடைத்துவிட்டது. பச்சை எழுத்து, ஓரத்தில் முத்திரை, மகளின் படம். இனி அவள் பௌச்சி மாநிலத்துக்காரி, பௌச்சி கணக்கில் விண்ணப்பிக்கலாம். போய்வந்த அந்த ஒரு நாளைத் தவிர அவள் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. எப்படி இருந்தது என்று அவளைக் கேட்டு எழுதினேன். "ரொம்ப வெயில் அங்கிள்" என்று பதில் வந்தது.